ஆசிரமத்தில் சேவை செய்தால் 'அவரவர்க்கேற்ற சாதனை' அமையும் என்கிறார்களே, அது என்ன?

அவரவர் மனப்போக்குக்கு ஒத்துவரும் ஆன்மிகப் பயிற்சிதான் அது. ஒருவருக்கு ஜபம், இன்னொருவருக்குப் பூஜை, வேறொருவருக்கு வேதாந்தப் பாடம். நீலகிரிக்கு இது புதிதல்ல. நாராயண குருவின் சீடரான நடராஜ குரு, வேதாந்தம் கற்பிக்கும் நாராயண குருகுலத்தை 1923-ல் தொடங்கியது இந்த மலையில்தான்.

ஏன் ஆளுக்கு ஒரு வழி? மேட்டுப்பாளையத்தில் செழிக்கும் வாழை ஊட்டிப் பனியில் கருகிவிடும், அங்கே கேரட்தான் திரளும். மனமும் அப்படித்தான். கீதையின் 12-ஆம் அத்தியாயத்தில் கண்ணனே படி இறங்கி வருகிறான்: மனத்தை என்னிடம் நிறுத்து, முடியாவிட்டால் பழகு, அதுவும் முடியாவிட்டால் எனக்காக வேலை செய், அதற்கும் இயலாவிட்டால் பலனையாவது விடு. சைவத்தில் சரியை (உடலால் செய்யும் தொண்டு), கிரியை (பூஜை), யோகம், ஞானம் என்று நான்கு வழிகள். அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திக் கோயில் புல்லைச் செதுக்கியது சரியை. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான்.

சேவை எதற்கு என்றால், நம் சுபாவம் வேலையில்தான் வெளிப்படும். விடிகாலைக் குளிரில் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது மனம் அடங்குகிறதா, அலைகிறதா, பக்கத்தில் இருப்பவர் மேல் எரிச்சல் வருகிறதா? அதைக் கவனித்துப் பெரியவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர்கள் வழிகாட்ட முடியும்.

ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: தனக்கேற்ற சாதனை என்றால் இஷ்டப்பட்டபோது செய்யலாம் என்று. வழி உங்களுடையது, ஆனால் தேர்ந்தபின் தினமும் தவறாமல் செய்ய வேண்டும்.