எச்.டி. அன்ரெனா என்று ஒன்று உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் ஸ்காபரோவில் வசிக்கும் என் மகள், யன்னல் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தகடு போன்ற ஓர் அன்ரெனாவைக் கொண்டு, மாதக் கட்டணம் எதுவுமின்றி எச்.டி. அலைவரிசைகள் பலவற்றைப் பார்க்கிறாள். எனக்கும் அப்படி ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறாள். மட்டக்களப்பு நகரக் கடைகளிலும் ‘எச்.டி.’, ‘4கே’ என்று அச்சிட்ட பெட்டிகளில் அன்ரெனாக்கள் இருக்கின்றன. இவற்றுள் எதை வாங்கினால் இலவசமாக எச்.டி. படம் கிடைக்கும்?
– வாசகி, கல்லடி

பதில்: உங்கள் மகள் சொல்வது முற்றிலும் உண்மை. ஆனால் அந்தத் தகடு அங்கே தரும் பயனைக் கல்லடியில் தராது. நீங்கள் பணம் செலவழிப்பதற்கு முன் இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கனடாவின் பெருநகரங்களில் 2011 ஆகஸ்ட் 31ஆம் திகதியோடு அனலொக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, நிலையங்கள் ஏ.ரி.எஸ்.சி. எனப்படும் வட அமெரிக்க டிஜிட்டல் முறைக்கு மாறின. அந்த முறையில் நிலையம் தன் எச்.டி. படத்தைப் பூட்டாமல் வானில் அனுப்புகிறது. தகுந்த தொலைக்காட்சிப் பெட்டியும் ஓர் அன்ரெனாவும் வைத்திருக்கும் எவரும் அதைப் பெறலாம். ரொரன்ரோவின் சி.என். கோபுரம் 553 மீற்றர் உயரமானது. அங்கிருந்து பல நிலையங்கள் ஒளிபரப்புகின்றன. ஸ்காபரோ அதே மாநகரத்தின் ஒரு பகுதி. கோபுரம் அவ்வளவு அண்மையில் இருப்பதால் யன்னலில் ஒட்டிய தகடே போதுமாகிவிடுகிறது. ஆனால் ஒன்ராறியோ ஏரிக்கு அப்பால், அமெரிக்காவின் பஃபலோ நகரத்திலிருந்து வரும் நிலையங்களையும் குறைவின்றிப் பெற விரும்பும் ரொரன்ரோவாசிகள், கூரைக்கு மேலே பெரிய அன்ரெனா வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இலங்கையில் நம் கூரை அன்ரெனாக்களுக்கு வந்து சேர்வது இன்னும் பி.ஏ.எல். என்னும் அனலொக் அலைதான். அதில் மொத்தம் 625 கோடுகள். அவற்றுள் படமாகத் தெரிபவை 576. எச்.டி. என்பது 720 அல்லது 1080 கோடுகள் கொண்ட டிஜிட்டல் படம். ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-ரி என்னும் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையைப் பின்பற்றுவதென 2014ஆம் ஆண்டு இலங்கை முடிவெடுத்தது. அந்த மாற்றம் இன்னும் நிறைவுபெறவில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்: கோபுரத்திலிருந்து எச்.டி. புறப்படாதபோது, எந்த விலை கொடுத்து வாங்கிய அன்ரெனாவும் அதைக் கொண்டுவர முடியாது.

பெட்டியில் அச்சிட்ட ‘எச்.டி.’, ‘4கே’ என்னும் எழுத்துகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்ரெனா என்பது ஓர் அலைநீளத்துக்கு ஏற்ப வெட்டிய உலோகம். 200 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் (அதிர்வெண்ணில்) அலைநீளம் ஒன்றரை மீற்றர். அதில் பாதி நீளமான 75 சென்ரிமீற்றர் கம்பி அந்த அலையை நன்றாக வாங்கும். 600 மெகாஹேர்ட்ஸில் அதே வேலைக்கு 25 சென்ரிமீற்றர் போதும். அலையின் மேல் ஏறிவரும் படம் அனலொக்கா, டிஜிட்டலா, எத்தனை கோடுகள் கொண்டது என்பது உலோகத்துக்குத் தெரியாது. ஆகவே அந்த எழுத்துகளுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ‘200 அலைவரிசைகள் இலவசம்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

மகளிடம் அன்ரெனா அனுப்பவேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள். அங்கிருந்து தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவரும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதையும் தவிர்ப்பது நல்லது. வட அமெரிக்கப் பெட்டிகள் அங்குள்ள ஒளிபரப்பு முறைக்காகச் செய்யப்பட்டவை, நம் பி.ஏ.எல். ஒளிபரப்பை அவை பொதுவாக எடுப்பதில்லை. எச்.டி. கட்டாயம் வேண்டுமென்றால் இப்போதைக்குக் கட்டணம் செலுத்தும் டிஷ் அல்லது ஃபைபர் இணைப்புதான் வழி. செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் மாதக் கட்டணமின்றிக் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு, கூரையில் ஒழுங்காகப் பொருத்திய சாதாரண அன்ரெனா தரும் படம் கண்ணுக்குக் குறையாகத் தெரியாது. தரமற்ற வயரும் தவறான திசையுமே பல வீடுகளில் படத்தைக் கெடுக்கின்றன.

புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும் நாள் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ‘டி.வி.பி.-ரி2’ என்று பெட்டியில் எழுதியிருப்பது ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் உள்ள முறை; ஐ.எஸ்.டி.பி.-ரி அதனின்று வேறானது. விற்பவர் ‘டிஜிட்டல் உண்டு’ என்று மட்டும் சொன்னால், எந்த டிஜிட்டல் என்று கேளுங்கள். ஐ.எஸ்.டி.பி.-ரி இல்லாத பெட்டி வீணாகிவிடாது. டிஜிட்டல் ஒளிபரப்பு வரும்போது அதனுடன் தனியாக ஒரு செட் டொப் பொக்ஸ் இணைக்கவேண்டிவரும், அவ்வளவே. ஜப்பானில் ஐ.எஸ்.டி.பி.-ரி முறை 470 முதல் 710 மெகாஹேர்ட்ஸ் வரையான யு.எச்.எப். பகுதியில் இயங்குகிறது. டிஜிட்டல் தொலைக்காட்சிக்குப் பெரும்பாலான நாடுகள் யு.எச்.எப். பகுதியையே பயன்படுத்துவதால், இன்று நீங்கள் வாங்கும் நல்ல யு.எச்.எப். அன்ரெனா நாளையும் உதவக்கூடியது.

கேள்வி: எங்கள் வீட்டு அன்ரெனாவில் சில அலைவரிசைகள் தெளிவாகவும், சில புள்ளி புள்ளியாகவும், ஒன்றிரண்டு நிழல் படத்தோடும் வருகின்றன. பூஸ்டர் ஒன்று போட்டால் சரியாகும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பூஸ்டரைக் கடைசியாக யோசியுங்கள். அது தன்னிடம் வரும் அலையைப் பெருக்குகிறது. அலையோடு கலந்திருக்கும் இரைச்சலையும் அதே அளவு பெருக்குவதோடு, தன் இரைச்சலையும் சிறிது சேர்க்கிறது. நிழல் படமோ வேறு நோய்: கட்டடத்திலோ மலையிலோ பட்டுத் தெறித்த அலை சற்றுப் பிந்தி வந்து நேரலையின்மேல் விழுவதால் அது உண்டாகிறது. பூஸ்டர் அதற்கு மருந்தாகாது. அன்ரெனாவின் திசையைத் திருத்துவதும், ஒரே திசையில் கூர்மையாக வாங்கும் அன்ரெனாவை வைப்பதுமே மருந்து.

முதலில் எந்த அலைவரிசை எந்த மீடிறனில் வருகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டியில் கையால் அலைவரிசை தேடும் பகுதிக்குப் போனால் திரையில் மெகாஹேர்ட்ஸ் எண் தெரியும். 174க்கும் 230க்கும் இடைப்பட்டது வி.எச்.எப்.; 470க்கு மேற்பட்டது யு.எச்.எப். பிறகு கூரையைப் பாருங்கள். கம்பிகள் எல்லாம் ஒரு சாண் அளவில் குறுகியவையாக இருந்தால் அது யு.எச்.எப். அன்ரெனா, வி.எச்.எப். அலைவரிசைகள் அதில் புள்ளியாகத்தான் வரும். முக்கால் மீற்றர் நீளக் கம்பிகளும் குறுங்கம்பிகளும் ஒரே தண்டில் இருந்தால் அது இரண்டுக்கும் உரியது. உங்களிடம் கெட்டுவரும் அலைவரிசைகள் எல்லாம் ஒரே பகுதியைச் சேர்ந்தவையாக இருந்தால், குறை இன்னதென்று அங்கேயே தெரிந்துவிடும்.

மீன்முள் போன்ற இந்த வடிவத்தை 1920களில் ஜப்பானின் தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடா, ஹிதெட்சுகு யாகி ஆகிய இருவரும் உருவாக்கினர். தண்டின் பின்முனையில் மிக நீண்ட கம்பி இருக்கும். முன்னால் போகப்போகக் கம்பிகள் குறுகும். குறுகிய முனைதான் கோபுரத்தை நோக்கவேண்டும். தலைமாறிப் பூட்டிய அன்ரெனாக்களை நம் ஊர்களில் பல கூரைகளில் காணலாம். கம்பிகள் கிடையாக இருக்கவேண்டுமா, நிமிர்ந்திருக்கவேண்டுமா என்பதும் கோபுரத்தைப் பொறுத்தது. நல்ல படம் பெறும் அயல்வீட்டாருடையதைப் பார்த்து அதே நிலையில் வையுங்கள்.

உயரம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலையின் அடிவானம் கிலோமீற்றரில் கிடைக்கும். 9 மீற்றர் உயர அன்ரெனாவுக்கு அது 12 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. 100 மீற்றர் கோபுரத்துக்கு 41. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 53; அலை நேராக எட்டும் தூரம் அதுவே. ரூபவாஹினியின் ஒளிபரப்பு நிலையம் உள்ள பீதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமானது; அதன் அடிவானம் 200 கிலோமீற்றரைத் தாண்டும். அக்கரைப்பற்றிலிருந்து அது நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீற்றர் தூரத்தில், மேற்கே சற்றுத் தெற்காக இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து தென்மேற்கே சுமார் 130 கிலோமீற்றர். கணக்கின்படி அலை எட்டவேண்டும். ஆனால் இடையிலுள்ள ஊவா மலைகள் பல இடங்களில் அதை மறைக்கும். ஆதலால் ஒரே தெருவில் ஒரு வீட்டில் நன்றாகவும் அடுத்த வீட்டில் மோசமாகவும் படம் வருவது புதினமன்று. அன்ரெனாவை நிரந்தரமாகப் பூட்டுமுன் இரண்டு மூன்று இடங்களில், இரண்டு மூன்று உயரங்களில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். தென்னோலைகளுக்கு நடுவே வைக்காதீர்கள். மழையில் நனைந்த ஓலை யு.எச்.எப். அலையை நிறையவே உறிஞ்சும்.

அடுத்தது வயர். பழைய வீடுகளில் இன்னும் தட்டை வயர் ஓடுகிறது. உப்புக்காற்றும் ஈரமும் படும் நம் கரையோரத்தில் அது சில வருடங்களில் பயனற்றுப்போகிறது. அதைக் கழற்றிவிட்டு 75 ஓம் ஆர்.ஜி.-6 வயரை இழுத்து, அன்ரெனாவின் 300 ஓம் முனையில் அதற்குரிய பொருத்திப் பெட்டியைப் பூட்டுங்கள். இந்த நல்ல வயரில்கூட, 30 மீற்றர் ஓடினால் யு.எச்.எப். அலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பிரித்தால் அதிலும் பாதிக்குக் குறைவு. வயரைக் குறுக்குவது எந்தப் பூஸ்டரையும்விட மலிவு. மூட்டுகளைச் சுரண்டிச் சுத்தப்படுத்தி, மழைநீர் புகாதபடி நன்றாகச் சுற்றிவிடுங்கள். கரையோர வீடுகளில் பச்சை பூத்த செப்புக் கம்பியே பாதிக் குறைகளுக்குக் காரணம்.

இவ்வளவும் செய்தபின், தொலைக்காட்சிப் பெட்டியை அன்ரெனாவின் அடிக்கே கொண்டுபோய்ச் சிறு வயரால் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் நன்றாக இருந்து, வீட்டுக்குள் வரும்போது கெடுமானால் பூஸ்டர் பயன்படும். அப்போதும் அதைக் கம்பத்தின் உச்சியில், அன்ரெனாவுக்கு அருகில் பூட்டவேண்டும். பெட்டிக்குப் பின்னால் வைக்கும் பூஸ்டர், வயரில் ஏற்கெனவே தேய்ந்துபோன அலையையே பெருக்கும். அன்ரெனாவின் அடியிலும் படம் புள்ளியாக இருந்தால் பூஸ்டர் வாங்கும் பணத்தைக் கூடுதல் கம்பிகளுள்ள அன்ரெனாவுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: படுவான்கரையில் எங்கள் வீடு வெட்டவெளியில் இருக்கிறது. உயரமான கம்பம் நடுவதற்கு இடியும் காற்றும் பயமாக இருக்கிறது. என்ன பாதுகாப்புச் செய்யலாம்?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இடிக்கு முன்பாக மின்கம்பியைப் பற்றி யோசியுங்கள். கம்பத்தை நிமிர்த்தும்போது அது சரிந்து மின்கம்பியில் படுவதுதான் உயிர்போகும் ஆபத்து. கம்பம் முழு நீளத்துக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில், அதற்கும் மேலாக இரண்டு மூன்று மீற்றர் இடைவெளி விட்டு நடுங்கள். அப்படி இடம் இல்லையென்றால் கம்பத்தைக் குட்டையாக்குங்கள். தனியாக நிமிர்த்தாதீர்கள்; காற்று வீசும் நாளில் நிமிர்த்தவே வேண்டாம்.

நாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாயைப் பயன்படுத்தி, மூன்று திசைகளில் இழுகம்பி கட்டுங்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் இழுகம்பிகளையும் ஆணிகளையும் சோதிக்கவேண்டும் என்பதை அவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. புயல் எச்சரிக்கை வந்தால், காற்றுத் தொடங்குமுன் கம்பத்தை இறக்கிவிடுங்கள்.

கம்பத்தின் அடியிலிருந்து தடித்த செப்புக் கம்பியை வளைவின்றி இறக்கி, நிலத்தில் ஆழமாக அறைந்த செப்புக் கோலில் இணைக்கவேண்டும். வீட்டு மின்சாரத்தின் நிலத்தொடுப்போடு அதைச் சேர்ப்பதைத் தேர்ந்த மின்னியலாளரிடம் விடுங்கள். இது நேராக விழும் இடியைத் தடுக்காது. ஆனால் அயலில் விழும் மின்னலால் வயரில் ஏறும் மின்னழுத்தம் நிலத்துக்கு இறங்க வழிசெய்யும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை மிகுதி. வானம் கறுக்கும்போதே அன்ரெனா வயரையும் மின்செருகியையும் கழற்றிவிடுங்கள்; முழக்கம் கேட்கத் தொடங்கியபின் அந்த வயரைத் தொடவேண்டாம்.