அரண்மனைத் தோட்டத்தில் அப்பாவுக்கு இடம் கிடைக்குமா?

கேள்வி: அப்பா 1948-ல் பிறந்தவர். அவருடைய தந்தை ஒரு ஜமீனின் கடைசி ராஜா, 1961-ல் காலமானார். பாட்டி அந்தப்புரத்தில் இருந்தவர். ராஜாவின் வாளைப் பக்கத்தில் வைத்துத் தாலி கட்டினார்களாம். மாதப்படி வந்தது, ஆனால் ராஜா எங்களைக் குடும்பமாக ஏற்கவில்லை. அப்பா இப்போது படுத்த படுக்கை. தன் தந்தையின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யச் சொல்கிறார். அரண்மனை வாரிசுகள், 'நீங்கள் யார்?' என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அப்பா யாருடைய மகன் என்பது ஒரு வழக்கு, அவரை எங்கே அடக்கம் செய்வது என்பது இன்னொரு வழக்கு. முதலாவது வருடக்கணக்கில் இழுக்கும். இரண்டாவதற்கு உங்கள் கையில் ஒரு நாள்கூட இருக்காது. ரத்த உறவை நிரூபித்தால் இடம் தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். மண்ணிலிருந்து தொடங்குவோம்.

சமாதி இருக்கும் இடத்தின் புல எண்ணைக் கண்டுபிடித்து, அ-பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதியிருக்கும் கிராமப் பதிவேடு), புல வரைபடம், பட்டா மூன்றையும் வாங்குங்கள். ஊரே 'அரண்மனைத் தோட்டம்' என்று சொல்லும் இடம், உட்பிரிவைப் பார்த்தால் மயானப் புறம்போக்காக, அதாவது மயானத்துக்கென ஒதுக்கிய அரசு நிலமாக, இருக்கலாம். அப்படியானால் அரண்மனையின் சம்மதம் தேவையில்லை. ஊராட்சியிடம் பேசினால் போதும். வாரிசுகளின் பட்டா நிலம் என்றால் அவர்களுடைய எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அதுவும் போதாது. 1999-ம் வருட ஊராட்சி மயான விதிகளின்படி, புதிதாக ஓர் இடத்தை அடக்கத்துக்குப் பயன்படுத்த உரிமம் வேண்டும். குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டர் இடைவெளி பார்ப்பார்கள். பழைய சமாதி ஒன்று அங்கே இருப்பதாலேயே புதுக் குழி தோண்டலாம் என்று ஆகாது. 'ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்துவிடுங்கள், பிறகு யார் எடுப்பார்' என்று யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். எடுப்பார்கள். அனுமதியில்லாத இடத்தில் புதைத்த உடலைத் தோண்டியெடுத்துப் பொது மயானத்துக்கு மாற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

இனி உறவு. உங்கள் கையிலிருக்கும் பெரிய சாட்சி, உயிரோடு இருக்கும் அப்பாதான். அவர் பெயரிலேயே குடும்ப நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு (இவர் இன்னாரின் மகன் என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்கு) போட்டு, அதோடு சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 1-ன் கீழ் ஒரு மனுவும் கொடுங்கள். நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் படுக்கைக்கே வந்து வாக்குமூலத்தைப் பதிவு செய்வார், எதிர்த்தரப்பு அங்கேயே குறுக்கு விசாரணை செய்யும். வீட்டில் செல்போனில் எடுத்த வீடியோவுக்கு அந்த மதிப்பு கிடையாது: இறந்தவர் உறவு பற்றிச் சொன்னது சாட்சியமாக வேண்டுமானால், தகராறு எழும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். உங்கள் தகராறு எழுந்துவிட்டது.

மரபணு மாதிரியையும் அந்த வழக்கிலேயே, நீதிமன்ற உத்தரவின் பேரில் எடுக்கக் கேளுங்கள். நீங்களே முடியை வெட்டி உறையில் போட்டு வைத்தால், அது யாருடையது என்பதே அடுத்த கேள்வியாகும். எதிர்த்தரப்பில் ராஜாவின் மகன்வழி ஆண் வாரிசு ஒருவர் இருந்தால் ஒய் குரோமோசோம் ஒப்பீடு முடியும். ஆனால் அது ஒரே தந்தைவழி என்று மட்டும் சொல்லும். தகப்பன் ராஜாவா, ராஜாவின் தம்பியா என்று பிரித்துச் சொல்லாது. தவிர, கேட்டவுடன் பரிசோதனைக்கு உத்தரவிடுவதில்லை என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012-ல் முன்னாள் முதல்வர் என்.டி. திவாரியிடம் நீதிமன்றம் ரத்தம் எடுக்க வைத்ததே என்றால், அங்கே தகப்பன் என்று சொல்லப்பட்டவரே அவர்தான்; உங்கள் வழக்கில் அது மூன்றாம் மனிதரின் ரத்தம். ஆகவே மாதப்படி எழுதிய ஜமீன் கணக்கு, அப்பாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய கடிதங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். 30 வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் கையெழுத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

வாள் கல்யாணத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: அது உங்கள் பலவீனம். தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் இறந்த பிறகு அவருடைய வாள் மனைவியரின் பிள்ளைகளும் இதே கேள்வியோடு நின்றார்கள். அந்த அரண்மனைச் சொத்துக்காக நடந்த கோலாப்பூர் மகாராஜா வழக்கில் (தீர்ப்புத் தொகுப்பில் 48 மெட்ராஸ் 1) சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்களை மனைவியராக ஏற்கவில்லை. உங்கள் பாட்டிக்கு வாளைத் தவிர வேறு சடங்கு நடந்ததா? மாப்பிள்ளை நேரில் இருந்தாரா? இருந்தார் என்றால் கதையே வேறு. இருதாரத் தடைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1949-ல்தான் வந்தது. அதற்கு முன் முறைப்படி நடந்த இரண்டாம் கல்யாணம் செல்லும், அப்பா சட்டப்படியான மகனாவார். வெறும் சேர்க்கை என்று முடிவானால் செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளையும் சட்டப்படியானவர்களாக ஏற்கும் இந்து திருமணச் சட்டத்தின் 16-ம் பிரிவும் உதவாது. செல்லாததானாலும் கல்யாணம் என்று ஒன்று நடந்திருந்தால்தான் அந்தப் பிரிவு.

சொத்து? 1961-ல் ராஜா இறந்தபோதே எழுந்த வாரிசுரிமைக்கு இப்போது வழக்குப் போட்டால், வழக்குக்கான காலக்கெடு முடிந்துபோனதே உங்களை வீழ்த்தும். அதை இழுத்தால் சம்மதக் கடிதமும் கிடைக்காது.

அந்தச் சம்மதக் கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு வாரிசுகளிடம் போங்கள். உடலுக்கு மறுத்தால், தகனம் செய்து ஒரு கலயம் அஸ்தியையாவது வைக்க அனுமதி கேளுங்கள், அதற்கு இளகுவார்கள். 'இந்த அனுமதியை வைத்து நிலத்தில் உரிமை கோரமாட்டோம்' என்ற வரியைத் தாராளமாகப் போடலாம். 'குடும்பத்துடன் உறவு எதுவும் இல்லாதவர்' என்று அவர்கள் தரப்பு வக்கீல் ஒரு வரி சேர்க்கப் பார்ப்பார். அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.