‘வேகரி’ (vagary) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

எப்போது எப்படி மாறும் என்று கணிக்க முடியாத மாற்றம்தான் வேகரி. மனிதர்களைப் பற்றிச் சொன்னால், திடீரென்று முளைக்கும் கிறுக்கு யோசனை. பெரும்பாலும் பன்மையில் ‘வேகரீஸ் ஆஃப்’ என்றுதான் கண்ணில் படும்; பின்னால் வானிலை, சந்தை, விதி என்று ஏதாவது ஒன்று வரும்.

மூலம் லத்தீன். அதில் ‘வகாரி’ என்றால் அலைவது, திரிவது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் ஊர் சுற்றுவது என்ற பொருள்தான் இருந்தது. பிறகு பேச்சும் அலைய ஆரம்பித்தது: விஷயத்தை விட்டு எங்கோ போவதும் வேகரி ஆனது. அப்புறம் குறும்பு, மனம் போன போக்கு. பயணம் என்ற பொருள் இன்று வழக்கொழிந்துவிட்டது. பழைய உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும், ‘வகேரி’ என்பதுபோல. அதுவும் தவறில்லை.

சொந்தக்காரர்களைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். தெளிவில்லாததைச் சொல்லும் ‘வேக்’ (vague), நாடோடியைக் குறிக்கும் ‘வேகபாண்ட்’ இரண்டும் இதே குடும்பம். ‘எக்ஸ்ட்ராவகன்ட்’ என்றால் எல்லை தாண்டி அலைவது. ஊதாரித்தனம் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. மூளைத்தண்டில் கிளம்பிக் கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு வரை போகும் பத்தாவது மண்டை நரம்புக்கு ‘வேகஸ்’ என்று பெயர் வைத்ததும் அதன் நீண்ட அலைச்சலால்தான். நம் ‘வேகம்’ இந்தப் பட்டியலில் சேராது, அது சமஸ்கிருதத்திலிருந்து வந்தது.

பயன்படுத்தும்போது வழக்கமாக இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ‘வேக்’ நினைவில் எழுத்துக்கூட்டி, நடுவில் தேவையில்லாத ‘யு’, ‘இ’ சேர்ப்பது ஒன்று. எதிர்பார்த்த மாற்றத்துக்கும் இதைப் போடுவது இன்னொன்று. கோடை போய்க் குளிர் வருவது வேகரி அல்ல. நடுக்கோடையில் ஒரு வாரம் குளிரெடுத்தால் அது வேகரி.

தமிழாக்கத்தில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ‘நிலையின்மை’ அகராதிக்குச் சரி, வாக்கியத்தில் உயிரில்லாமல் கிடக்கும். விதிக்கு ‘விதியின் விளையாட்டு’, சந்தைக்கு ‘திடீர் ஏற்ற இறக்கம்’, மனிதருக்கு ‘மனம் போன போக்கு’. வானிலைக்கு மட்டும், மழை பொய்த்ததா, காலம் தப்பிக் கொட்டியதா என்று பார்த்து அதையே எழுதிவிடுங்கள்.