ராம் பழுதா, லேப்டாப் பழுதா? புகாரை மூடும் முன் கவனியுங்கள்

கேள்வி: என் லேப்டாப்புக்காக ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில், அங்கே கடை வைத்திருக்கும் ஒருவரிடம் 16 ஜிபி டிடிஆர்4 ரக ராம் (தற்காலிக நினைவகப் பலகை) வாங்கினேன். போட்ட நாளிலிருந்து நீலநிறப் பிழைத்திரைதான். பழைய ராமை மட்டும் வைத்தால் நன்றாக ஓடுகிறது. காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் (ராம் செருகும் இடத்தில்) புதியதைப் போட்டால் திடீரென்று நின்றுவிடுகிறது. ஆய்வேட்டுக் கோப்பு ஒன்றும் கெட்டுப்போனது. விற்றவர் முதலில் பயாஸை (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்யச் சொன்னார், பிறகு "உங்களுக்குக் கம்ப்யூட்டரே தெரியவில்லை" என்று கேலி செய்தார். தளத்தில் புகார் கொடுத்தேன். இப்போது, புகாரை மூடிவிட்டு ராமைத் தன் முகவரிக்குக் கூரியரில் அனுப்பினால் முழுப் பணமும் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார். எனக்குப் பணம் பெரிதில்லை, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். மோசடி வழக்குப் போடலாமா? மன உளைச்சலுக்கு எவ்வளவு கேட்கலாம்?

பதில்: மோசடி வழக்கு நிற்காது. பழுதான பொருளை விற்றாலே மோசடி ஆகிவிடாது. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பயாஸ் அப்டேட் செய்யச் சொல்லி, பணத்தையும் திருப்பித் தருகிறேன் என்பவர்மீது அதைக் காட்டுவது நடக்காத காரியம். கேலி, மன்னிப்பு எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். ஆய்வேட்டுக்கு நஷ்டஈடு கேட்டால், "பேக்கப் ஏன் வைக்கவில்லை?" என்ற ஒரே கேள்வியில் அது போய்விடும்.

சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: பழுது அந்த ராமில் இருக்கிறதா, உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா? அதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. "பழையது ஓடுகிறது, புதியது ஓடவில்லை" என்பதை நீங்கள் ஆதாரம் என்று நினைக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதை இரண்டே வரியில் உடைப்பார். இரண்டு ராமும் வேறு வேறு வேகம், சேர்ந்து ஓடாது என்பார். இல்லாவிட்டால் உங்கள் இரண்டாவது ஸ்லாட்டே கெட்டது என்பார். அந்த ஸ்லாட்டில் வேறு எதையும் நீங்கள் போட்டுப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை.

எனவே பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓட்டுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள், இரவு முழுக்க ஓடட்டும். பிறகு பழையதை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு அதையே செய்யுங்கள். பிழை ராமோடு நகர்ந்தால் ராம் பழுது. ஸ்லாட்டோடு நின்றுவிட்டால் உங்கள் லேப்டாப் பழுது, வழக்கு முடிந்தது. டிடிஆர்4 போடும் இன்னொரு லேப்டாப்பிலும் பிழை வந்தால் இன்னும் நல்லது. திரையையும் ராம் லேபிளில் உள்ள சீரியல் எண்ணையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் மட்டும் படுத்துக்கொள்கிறது என்றால், விற்பனைப் பக்கத்தில் உங்கள் மாடலுக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தாரா என்பதுதான் கேள்வி. அந்தப் பக்கத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அவர் நாளைக்கே திருத்தலாம்.

சரி, இனி எனக்குக் கவலை தரும் விஷயம். புகாரை மூடிவிட்டுக் கூரியரில் அனுப்பச் சொல்கிறார் இல்லையா, அதைத்தான் நீங்கள் செய்யவே கூடாது. இதே மாதிரிப் பேச்சை நம்பி என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடந்தது ஏறக்குறைய ஒரே கதை. வாங்கியவர் 'பிரச்சினை தீர்ந்தது' என்ற பொத்தானை அழுத்துகிறார். அத்தோடு தளம் கையைக் கழுவிவிடுகிறது, திரும்ப அனுப்பும் கெடுவும் ஓடிப்போகிறது. பொருள் போய்ச் சேர்ந்த பிறகு விற்றவர் சொல்வார்: "நீங்கள் அனுப்பியது நான் விற்ற ராம் இல்லை, சீரியல் எண் வேறு." இப்போது கையில் ராம் இல்லை, பணம் இல்லை, புகாரும் இல்லை. கூரியர் ரசீது பார்சல் போனதைத்தான் சொல்லும், உள்ளே இருந்தது எந்த ராம் என்று சொல்லாது. பொய் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நுகர்வோர் ஆணையத்தில் எதை வைத்துச் சொல்வது? நுகர்வோர் வழக்கு பிரமாணப் பத்திரத்திலும் ஆவணத்திலும்தான் நடக்கிறது.

ராமை நீங்களே வைத்துக்கொண்டு வழக்குப் போட்டாலும் ஒரு குழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, சோதித்தால்தான் குறை தெரியும் என்ற பொருளை ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். ராம் பழுது எப்போதும் தலைகாட்டுவதில்லை. சூடேறிய பிறகு வரும், மூன்று சுற்று சுத்தமாக ஓடிவிட்டு நான்காவதில் வரும். ஆய்வகம் சோதித்த நேரத்தில் அது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டால், 'குறை இல்லை' என்ற அறிக்கை உங்கள் வழக்கையே சாய்த்துவிடும். ஒரு ராமுக்காக எத்தனை வாய்தா அலைவீர்கள்? வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இருக்கிறது என்பதற்காகப் போட வேண்டியதில்லை.

அவர் முழுப் பணம் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் வழியில். வாட்ஸ்அப்பில் பதில் போடாமல், தளத்தின் உரையாடல் பெட்டியிலேயே எழுதுங்கள்: முழுப் பணத்துக்குச் சம்மதம், தளம் தரும் ரிட்டர்ன் லேபிளில்தான் அனுப்புவேன், பணம் கணக்கில் ஏறிய பிறகே புகாரை மூடுவேன். வாட்ஸ்அப்பில் அவர் சொன்னதையும் படமெடுத்து அங்கேயே சேர்த்துவிடுங்கள். ராமைப் பெட்டியில் வைத்து ஒட்டுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோ, சீரியல் எண் தெளிவாகத் தெரிய. லேபிளை உரிக்காதீர்கள். பாதிப் பணம் தருகிறேன், ராமை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்புறம் பேரம் பேசினால், சோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக்கொடுத்து அதை வாங்கினால், மீதிப் பாதி போனது போனதுதான்.

அவர் மறுத்தால் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். விற்றவரின் முழு முகவரியையும் அதே கடிதத்தில் எழுத்துமூலம் கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. முகவரி இல்லாமல் நான் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது?

அதுவரை ரிவியூ பகுதியில் அவரைத் திருடன் என்று எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால், பேச்சு நடக்கும்போது அதை நீக்குவதும் ஒரு பேரப் பொருள்தான். பணம் வரும்வரை கையில் வைத்திருங்கள் என்று சொல்ல மாட்டேன், அது மிரட்டலாகத் திரும்பும். இன்றைக்கே எடுத்துவிட்டு, "மூன்று சுற்றில் இத்தனை பிழை" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.