திரும்பி வந்த செக்கும் ஹானர் கமிட்டியும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், சார்லட்ஸ்வில் ஊரில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். சைக்கிள் கடையில் 420 டாலருக்குக் கொடுத்த செக், பணமில்லாமல் திரும்பிவிட்டது. ஒரு சாப்பாட்டுக் கடையில் கணக்கு வைத்துச் சாப்பிட்டதில் 190 டாலர் பாக்கி. சைக்கிள் கடைக்காரர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். சாப்பாட்டுக் கடை, பாக்கியை வசூல் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டது. கடைக்காரர், ஏஜென்சி இருவருமே "ஹானர் கமிட்டியில் (மாணவர்களின் நேர்மைத் தவறுகளை விசாரிக்கும் பல்கலைக்கழக அமைப்பு) புகார் செய்வோம்" என்கிறார்களாம். படிப்பை விட்டு நீக்கிவிடுவார்களா? நாங்கள் டீனிடம் பேசலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, மீதியைப் பிறகு படியுங்கள். முதலில் மகனுக்குப் போன் போட்டு, சைக்கிள் கடை நோட்டீஸ் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று கேளுங்கள். நம் ஊரில் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்து 15 நாள் அவகாசம் உண்டு. வர்ஜீனியாவில் 5 நாள்தான். அதற்குள் கட்டாவிட்டால், ஏமாற்றும் நோக்கத்தோடுதான் செக் கொடுத்தான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். அப்படி இல்லை என்று காட்டும் வேலை உங்கள் மகன் தலையில் விழும்.

உங்கள் கடிதம் முழுக்க ஹானர் கமிட்டியைப் பற்றித்தான். எனக்கோ நீதிமன்றம்தான் பெரிய கவலை. 1,000 டாலருக்குக் குறைவான செக் என்பதால் இது சிறுகுற்றம்தான். ஆனால் அந்தச் சிறுகுற்றத்துக்கும் 12 மாதம் வரை சிறை விதிக்க இடமிருக்கிறது. மோசடி நோக்கமுள்ள, ஓராண்டு சிறை விதிக்கக்கூடிய ஒரு குற்றத்தை, நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட 5 ஆண்டுக்குள் செய்து தண்டனையும் பெற்றால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்த அதுவே போதும். ஒருநாள்கூடச் சிறையில் இருக்காவிட்டாலும் சரி. 420 டாலருக்காக விசாவைப் பணயம் வைக்க வேண்டாம்.

இனி ஹானர் கமிட்டி. 1842-இல் தொடங்கிய இந்த முறையில் பொய், ஏமாற்று, திருட்டு என மூன்றுதான் குற்றம். கடன் அதில் இல்லை. கணக்கு வைத்துச் சாப்பிட்டு, கையில் காசில்லாமல் தள்ளிப்போடுவது வெறும் பாக்கி, சிவில் விஷயம். கட்டுகிற எண்ணமே இல்லாமல் சாப்பிட்டான் என்று காட்டினால்தான் ஹானர் விஷயமாகும். 190 டாலருக்காக அதை யார் நிரூபிக்கப் போகிறார்கள்?

செக் அப்படியல்ல. "வங்கியில் என் பணம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்த வாக்கு அது. தெரிந்தே வெறும் கணக்கில் எழுதியிருந்தால் பொய். உதவித்தொகை வந்துவிடும் என்று நம்பி எழுதியிருந்தால் கணக்குப் பிசகு. "இரண்டு வாரம் கழித்துப் போடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்திருந்தால், பணம் இல்லை என்பது கடைக்காரருக்கே தெரியும். நிலைமை இன்னும் சாதகம். செயல் நடந்ததா, தெரிந்து செய்தானா, விஷயம் பெரிதா என்ற மூன்றையும்தான் அங்கே பார்ப்பார்கள். எழுதிய அன்று கணக்கில் எவ்வளவு இருந்தது என்பதற்கான வங்கிப் பட்டியலை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சம்பவம் உள்ளூரில் நடந்ததால் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. வெளியூராக இருந்தால், தான் அந்தப் பல்கலைக்கழக மாணவன் என்று சொல்லி நம்பிக்கை பெற்றானா என்று பார்ப்பார்கள். குற்றம் உறுதியானால் நிரந்தர நீக்கம் ஒன்றே தண்டனை என்ற பழைய விதி 2022-இல் மாணவர்கள் வாக்களித்ததில் போய்விட்டது. இப்போது தண்டனையில் ஏற்ற இறக்கம் உண்டு. யாரும் சந்தேகப்படும் முன் தானாகப் போய் ஒப்புக்கொள்ளும் வழியும் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் மிரட்டிய பிறகு அது இவனுக்குக் கிடைப்பது சந்தேகம். புகார் வந்ததும் குறித்த நாட்களுக்குள் ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்யும் இன்னொரு வழி மிஞ்சும். தப்பு செய்திருந்தால் மட்டும் அது. பயத்தில் இல்லாததை ஒப்புக்கொள்ளக் கூடாது.

டீனிடம் பேசிப் பயனில்லை. இதை நடத்துவது மாணவர்கள். வாதாடுவதும் தீர்ப்பு சொல்வதும் அவர்களே. பெற்றோர் சிபாரிசு என்பதே அங்கே கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும். தவிர, 1974-இல் வந்த கல்விப் பதிவுச் சட்டப்படி, மகன் எழுத்தில் சம்மதிக்காமல் அவன் விவகாரத்தை உங்களிடம் பேசப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் மறுத்துவிடும்.

மிரட்டும் இருவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கடைக்காரர் தன் சொந்தப் பாக்கிக்காகப் புகார் செய்யலாம். வசூல் ஏஜென்சி அப்படிச் செய்ய முடியாது: 1977-இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி, கடன் விவகாரத்தை மூன்றாவது ஆளிடம் கொண்டுபோவது அவர்களுக்குத் தடை. சட்டப்படி செய்ய முடியாததைச் செய்வதாக மிரட்டுவதும் தடைதான். அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம்.

சைக்கிள் கடைக்கு மறுபடி சொந்த செக் கொடுக்காமல், வங்கியின் கேஷியர்ஸ் செக் (வங்கியே பொறுப்பேற்றுத் தரும் செக்) அல்லது மணி ஆர்டராகக் கட்டட்டும். "இந்தச் செக்குக்கான முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கட்டும். கடைக்காரர் திரும்பிய செக்குக்கான கட்டணம் கேட்டால் பேரம் பேசாமல் அதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். நீதிமன்ற சம்மன் ஏற்கனவே வந்திருந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.