ராத்திரி ஒரு மணிக்கு கிரைண்டர் (வாசகர் கடிதமும் பதிலும்)

அக்காவுக்கு வணக்கம்.

நான் ரங்கூன்ல தாம்வே பக்கம் இருக்கேன். எட்டு மாசமா வீட்டுலயே இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். வைபர்லதான் ஆர்டர் எல்லாம். ஆரம்பத்துல நாளைக்கு 5 கிலோ, இப்ப 25 கிலோ கேக்குறாங்க. கரண்ட் முறை வச்சு விடுறதால ராத்திரி 1 மணிக்கு வந்தா நானும் அம்மாவும் எழுந்து கிரைண்டர் போடுறோம், விடியக்காலம் பேக் பண்ணி 6 மணிக்கு பையன் கிட்ட குடுத்து அனுப்புறோம். கூட ஒரு பொண்ண வேலைக்கு வச்சிருக்கேன். தொழில் வளருது, ஆனா எனக்கு எது பகல் எது ராத்திரின்னே தெரியல. அம்மாவுக்கு முட்டி வலி வேற. ஒழுங்கா ஒரு டைம்டேபிள் போட்டுப் பாத்தேன், மூணு நாள் கூட நிக்கல. என்ன செய்யட்டும்?

*

தங்கச்சிக்கு,

கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். டைம்டேபிள் நிக்காததுக்கு உங்க சோம்பல் காரணமில்ல, மொதல்ல அத மனசுல இருந்து எடுத்துடுங்க. கரண்ட் ஒழுங்கா இருக்குற நாள மனசுல வச்சுத்தான் அதப் போட்டிருப்பீங்க. அந்த மாதிரி நாள் வாரத்துல ஒண்ணோ ரெண்டோதான் வரும், மிச்ச நாள் அது எப்படி நிக்கும்? கரண்டும் இல்ல, மழையும் கொட்டுது, பையனும் வரல, அப்படி ஒரு மோசமான நாள்ல ராத்திரி எழுந்திரிக்காம உங்களால எத்தன கிலோ குடுக்க முடியும்னு பாருங்க. 15 கிலோன்னா 15தான் உங்க கடையோட அளவு. ரெண்டு மாசம் அதுக்கு மேல வாங்காதீங்க.

கேக்குறவங்கள விட்டா வேற எடத்துக்குப் போயிடுவாங்கன்னு பயம் வரும், எனக்கும் வந்துச்சு. நான் எடுப்புச் சாப்பாடு போட்டுக்கிட்டு இருந்த காலத்துல 40 கேரியர் தாங்குற அடுப்புல 70 கேரியருக்கு ஒத்துக்கிட்டேன், மூணாவது மாசம் ஒரு நாள் குழம்பு கெட்டுப் போனது தெரியாமயே அனுப்பிட்டேன், தூக்கமில்லாத மூக்குக்கு வாசனை புடிபடல. அன்னிக்குப் போன வாடிக்கைக்காரங்க திரும்பி வரவேயில்ல. இல்லன்னு சொல்லி இழந்தவங்க யாருன்னு யோசிச்சுப் பாத்தா ஒருத்தர் பேரும் ஞாபகம் வரல.

இப்ப அந்த ராத்திரி வேலைக்கு வருவோம், முக்கியமான விஷயம் இதுதான். நீங்க மாவ அரைச்சு, புளிக்க வச்சு, அப்புறம் விக்கிறீங்க. புளிக்க வைக்குற வேலைய ஏன் நீங்க சொமக்கணும்? புளிக்காத மாவா சாயங்காலமே குடுத்துடுங்க, ராத்திரி அது வாங்கினவங்க அடுப்படியில தானா பொங்கட்டும். காலையில 8 மணிக்கு ஊறப் போட்டா ஒரு மணிக்கு அரைக்கலாம், 4 மணிக்குள்ள பேக் பண்ணி பையன அனுப்பிடலாம், 6 மணிக்கு கிரைண்டரக் கழுவி கவுத்துடலாம். ஃப்ரிட்ஜ நம்பி இருக்கவும் வேணாம். மாவு பொங்குமில்லையா, அதனால பையில முக்காவாசிதான் ஊத்தணும், என்னிக்கு எத்தன மணிக்கு அரைச்சதுன்னு மேல எழுதணும். சித்திரை வெயில்ல உளுந்த ஐஸ் தண்ணி விட்டு அரைங்க, கிரைண்டர் சூட்டுல மாவு முன்கூட்டியே புளிக்க ஆரம்பிச்சிடும். உப்ப அப்பவே போட்டுட்டா புளிப்பு நிதானமா ஏறும். தை மாசக் குளிர்ல இதுக்கு நேர்மாறு, நேரம் கூடப் புடிக்கும், அத வாங்குறவங்க கிட்ட சொல்லியே குடுங்க.

பகல்ல கரண்ட் இல்லன்னா? பில்டிங்ல ஜெனரேட்டர் வச்சிருக்கவங்க கிட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு காசு பேசிக்குங்க. எண்ணெய் விலைக்கு கட்டுப்படியாகாதுன்னு சொல்லுவீங்க. கிலோவுக்கு கொஞ்சம் விலைய ஏத்துங்க, அதுல பத்து பேர் வாங்குறத நிறுத்தினா நிறுத்தட்டும், உங்களுக்குத்தான் 25 கிலோவுல 10 கிலோ கொறையணுமே.

உளுந்து வாங்க அடிக்கடி தேன்ஜி மார்க்கெட்டுக்கு ஓடுற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க. இங்க விளையுற உளுந்துல பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் கப்பல் ஏறுது, அங்க வாங்குற வேகத்துக்கு இங்க விலை ஏறும் எறங்கும், அதத் தொரத்திக்கிட்டு அலைய முடியாது. மாசத்துக்கு ஒரு மூட்ட, ஒரே நாள், அவ்வளவுதான்.

ஆர்டர் முந்தின நாள் ராத்திரி 7 மணியோட முடிஞ்சுதுன்னு வைபர் குரூப்ல போட்டுட்டு ஃபோன வேற ரூம்ல வச்சிடுங்க. மொத வாரம் திட்டுவாங்க, அப்புறம் 6 மணிக்கே எழுதப் பழகிடுவாங்க.

லீவு நாளப் பத்தி நீங்க ஒரு வார்த்த கூட எழுதல, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. நம்ம பர்மா நாட்டு 2016 கடைச் சட்டத்துல வேலைக்காரங்களுக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்துல ஒரு நாள் சம்பளத்தோட லீவுன்னு இருக்கு. உங்க கிட்ட வேல பாக்குற பொண்ணுக்கு அந்த ஒரு நாள் இருக்கா? இருந்தா அதே நாள் உங்களுக்கும் லீவு, இல்லன்னா ரெண்டு பேருக்கும் சேத்து இந்த வாரமே ஆரம்பிங்க. ஸ்காட் மார்க்கெட்டப் பாருங்க, 1926ல கட்டினது, திங்கக்கிழமைன்னா சாத்திக் கெடக்கும், ஊரே அதத் தெரிஞ்சுக்கிட்டு செவ்வாக்கிழமை போகுது. வாடிக்கைக்காரங்களுக்கு எந்த நாள்னு நிச்சயமாத் தெரிஞ்சா போதும். திஞ்சானுக்கு, அதான் பர்மாப் புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவுக்கு, எத்தன நாள் மூடுறீங்கன்னும் பங்குனி ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, அந்த நேரம் தண்ணி ஊத்துற கூட்டத்துல பையன் மாவத் தூக்கிக்கிட்டு போகவும் முடியாது.

கடைசியா அம்மா. உங்க கணக்கு நோட்டுல அரிசி இருக்கும், உளுந்து இருக்கும், பை இருக்கும், பையன் கூலி இருக்கும், அம்மாவோட ராத்திரி இருக்காது. அதுக்கு ஒரு கூலி போட்டு எழுதிப் பாருங்க, ஜெனரேட்டர் காசு சின்னதாத் தெரியும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த முடியாது, எனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு சாயங்கால மாவு, பாதிப் பேருக்குப் பழையபடின்னு ரெண்டு வாரம் ஓட்டுங்க. ஆனா நாளைக்கு கரண்ட் 1 மணிக்கு வந்தா அம்மாவ மட்டும் எழுப்பாதீங்க.

அன்புடன்,
அக்கா