தம்பிக்குத் தனி பாஸ் எதற்கு?

கேள்வி: எனக்கு 22 வயது. 11 வயதுத் தம்பியோடு பாரிஸ், மிலான், ரோம் என்று ரயிலிலேயே சுற்றப்போகிறேன். பல ஐரோப்பிய நாட்டு ரயில்களில் ஒரே பாஸில் போக உதவும் யூரெயில் பாஸுக்கு அவனுக்கும் காசு கட்டணுமா?

பதில்: வேண்டாம். 18 வயது நிரம்பியவர் உடன் போனால், 4 முதல் 11 வயதுவரை சிறுவர் பாஸ் இலவசம். ஆனால் உங்கள் பாஸ் வாங்கும்போதே அதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். பயணம் தொடங்கும் நாளில் 12 ஆகிவிட்டால் காசு கொடுத்து இளைஞர் பாஸ்தான்.

பலர் கோட்டைவிடுவது இருக்கை முன்பதிவில். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியரோசா ஆகிய அதிவேக ரயில்கள் இரண்டிலும் முன்பதிவு கட்டாயம். இலவச பாஸ்காரத் தம்பிக்கும் முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. டிஜிவியில் பாஸ்காரர்களுக்கான இடம் குறைவு என்பதால், தேதி முடிவானதும் முதலில் அதைப் பிடியுங்கள்.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட, நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் விசாவுக்கு வேண்டும். எல்லையிலும் கேட்கலாம், நகலைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. விடுதிகளில் பலர் சேர்ந்து தூங்கும் பொது அறையில் சிறுவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இருவருக்கான தனியறையே நல்லது. லூவர் அருங்காட்சியகத்தில் தம்பிக்கு நுழைவு இலவசம்.